நொடிக்கு இருபத்து நான்கு

மண்டபம் ஐஸ் கம்பெனியில்
மேசைமேல் வைத்த டீ கிளாஸ் தானாக நடக்கும்.
கணக்குப்பிள்ளை ராயப்பன்
விளிம்பில் பிடித்து நடுவில் வைப்பார்.
மறுபடி நடக்கும்.
பதினாறு வருடமாக இந்த விளையாட்டு.
வேலைக்கு வந்த முதல் வாரம் கேட்டேன்:
இவ்வளவு நடக்கிறதே,
இதை யாரும் சம்பளத்துக்கு வைக்கவில்லையா?

சிரித்தார்கள்.
அமோனியா வாடையில் சிரித்தால்
கண்ணில் நீர் வரும்.

பித்தளைத் தகடு, சுண்டுவிரல் நீளம்.
ஒரு நுனி மோட்டாரின் படுகையில் திருகியது.
மறுநுனியில் செத்த ஸ்பீக்கரின் காந்தத் துண்டு.
அதைச் சுற்றி, முடியைவிட மெல்லிய கம்பி
மூவாயிரம் சுற்று.
(நடுவில் வீட்டிலிருந்து போன் வந்தது.
இரண்டாயிரத்துச் சொச்சம் என்றும் சொல்லலாம்.)

மோட்டாருக்கு நிமிடத்தில்
ஆயிரத்து நானூற்று நாற்பது சுற்று.
நொடிக்கு இருபத்து நான்கு.
அந்த எண்ணைத் தகட்டுக்கும் பழக்க வேண்டும்.
ஈயம் ஒரு பொட்டு வைத்தால் சோம்பும்,
சுரண்டினால் துள்ளும்.
நான்கு இரவு வைத்தேன், சுரண்டினேன்.
ஐந்தாம் இரவு, விறைத்து நின்ற தகடு
சட்டென்று விளிம்பு கலைந்து
விசிறியாக விரிந்தது.

"இந்தக் கரண்டு கொசு அடிக்கக்கூடக் காணாதே, சகாயசெல்வி"
என்றார் நெய்னா ஹாஜியார்.
காணாதுதான்.
சொட்டுச் சொட்டாய் ஒரு மின்தேக்கியில் விழுந்து
ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை நிறையும்.
ஒரு பொடிக் கருவி கண் திறந்து
பேரிங் சூட்டை என் போனுக்குச் சொல்லிவிட்டு
திரும்பப் படுத்துக்கொள்ளும்.
மாற்ற பேட்டரி இல்லை,
உப்புக்காற்று தின்ன ஒயர் இல்லை.

காற்று செத்த ஒரு மாசி இரவு.
விடிந்தால் தொழிலுக்குப் போகும் நாள்.
வாசலில் டிராக்டர்கள், எண்பது படகுக்கு ஐஸ்.

ஐம்பத்திரண்டு டிகிரி. ஒன்பது நிமிடம்.
ஐம்பத்திரண்டு. பதினொரு நிமிடம்.
ஐம்பத்திரண்டேதான். ஆனால் பதினெட்டு நிமிடம்.
அதற்குப் பிறகு வரவில்லை.

ஈயம் விட்டுவிட்டது என்று டார்ச்சோடு போனேன்.
ஈயம் அப்படியே இருந்தது.
படுகை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது,
உள்ளங்கைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.
தகடு மட்டும் நின்றிருந்தது,
அவிழ்த்த மாட்டைத் தொழுவில் தேடுகிற மாதிரி
நான் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

இருபத்து மூன்றரை.
மோட்டார் எதையோ இழுக்க முடியாமல் இழுக்கிறது.
நான் சூடு பார்த்தது மோட்டார் பக்கம்.
கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னது கருவி.
யாரும் கேட்காத கம்ப்ரஸர் பக்கத்துக்காகத்தான்
தகடு சாப்பிடாமல் கிடந்தது.

நிறுத்தினேன்.
அப்போது ஹாஜியார் சொன்னதை எழுத முடியாது.
டிராக்டர்காரர்கள் சொன்னதை எழுதவே முடியாது.
திறந்தபோது பேரிங் கூடு மூன்று துண்டு,
கிரீஸ் கடலட்டை நிறத்தில்.

மறுநாள் யாரும் பேசவில்லை.
மேசைமேல் புதுக் கம்பிச் சுருள் ஒன்று இருந்தது.
நடந்து வந்த கிளாஸ்
அதில் இடித்து நின்றிருந்தது.

இப்போது தடைக்காலம்.
அறுபத்தொரு நாள் மோட்டார் இல்லை.
தகட்டைக் கழற்றி
டிபன் பாக்ஸ் மூடியில் திருகி
ராமேஸ்வரம் பஸ்ஸில் ஏறினேன்.
பாலத்தில் ஜன்னல் நடுங்கியது,
கண்டக்டர் பையில் சில்லறை நடுங்கியது,
முன்சீட்டில் தூங்கியவரின் கன்னம் நடுங்கியது.
இது அசையவில்லை.
அவற்றின் எண் வேறு.

பாம்பன் பக்கம் இறங்கும்போது
ஓர் இணைப்பு இரும்பில் சக்கரம் ஏறிய அடியில்,
எப்போதோ விழுந்த மிச்சத்தின்மேல்
ஒரு சொட்டு விழுந்திருக்க வேண்டும்.

போன் மின்னியது:
முப்பத்து நான்கு டிகிரி.

எதன் சூடு என்று தெரியவில்லை.
அழிக்காமல் வைத்திருக்கிறேன்.